ஆணா, பெண்ணா? முட்டையின் சூடு சொல்லும்!

மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போகிறவர்கள், வாயைப் பிளந்து கிடக்கும் பெரிய முதலைகளைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய அந்தப் பண்ணையில் என்னைக் கேட்டால் முட்டைதான் அதிசயம்.

நமக்கு எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் கருவுறும்போதே ஆணா பெண்ணா என்று தீர்த்துவிடுகின்றன. முதலைக்குப் பால் குரோமோசோமே கிடையாது. பிறகு எப்படி? மக்கர் என்ற முதலை வகையின் முட்டைகளை ஆய்வாளர்கள் வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். 1989-இல் வெளியான முடிவு இது: 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை அத்தனையும் பெண், 32.5-இல் அத்தனையும் ஆண். ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம்!

கருவின் சிறுநீரகத்தை ஒட்டி ஒரு சின்னத் திசு உருவாகிறது. அது சினைப்பையாகவும் ஆகலாம், விந்தகமாகவும் ஆகலாம். அடைகாலத்தின் நடுவில் நிலவும் சூடுதான் எந்த மரபணுக்கள் வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது. அரோமட்டேஸ் என்ற நொதி கூடினால் ஈஸ்ட்ரோஜன் பெருகிச் சினைப்பை வளரும், குறைந்தால் விந்தகம்.

பண்ணையை ஒட்டிய கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குக் கணக்கு தலைகீழ். மணல் சூடானால் பெண், குளிர்ந்தால் ஆண். ஆமை முட்டைகளை வைக்கும் பொரிப்பகத்துக்கு நிழல்கூரை போடுவதா வேண்டாமா என்பதுகூடக் குஞ்சுகளின் பாலை மாற்றிவிடும்.