நூறு லிட்டர் கடல்

பவளத் தொட்டியின் அளவு குறையக் குறைய அதைப் பராமரிப்பது கடினமாகிறது. இருபது லிட்டர் தொட்டியில் பழகிக்கொண்டு பிறகு பெரியதுக்குப் போகலாம் என்று கணக்குப் போடுபவர்களே அதிகம். பலருக்கு அந்த இருபது லிட்டரிலேயே ஆசை விட்டுப்போகிறது. பாறை இடுக்கில் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் அதிலிருந்து கிளம்பும் அம்மோனியாவின் செறிவு, நூறு லிட்டரில் இருப்பதைப்போல் இருபது லிட்டரில் ஐந்து மடங்காகிவிடும். வெயில் ஏறும்போது சின்னத் தொட்டி சீக்கிரம் சூடேறும். பெரியது சற்றுத் தாங்கும். பவளமும் அதை அண்டி வாழும் மீன்களும் வெப்பமும் உப்பும் அவ்வளவாக மாறாத கடலுக்குப் பழகியவை. அதனால் முதல் தொட்டியே நூறு லிட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி 121 லிட்டர் கொள்ளும். மணல், பாறை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய நூறு லிட்டர்.

நிரம்பிய தொட்டியின் எடை தாங்கியோடு சேர்த்து 150 கிலோவைத் தாண்டும் என்பதால், தண்ணீர் விட்ட பிறகு அதை நகர்த்தும் பேச்சே இல்லை. இடத்தை முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும். நேர் வெயில் படக் கூடாது. மின்கம்பிகள் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி விடுவது அவசியம். கம்பி வழியாக வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

அடுத்தது தண்ணீர். கடற்கரை ஊரில் இருப்பவருக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகலாமே என்று தோன்றும். சென்னை போன்ற நகரத்தின் கரையோர நீரில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்க்கும் கழிவு கலந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் கலந்து உப்பும் குறைந்துவிடும். எனவே ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைப்பதுதான் நம்பகமான வழி. இதிலும் ஒரு கவனம் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவும் குடிநீர்ச் சுவைக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பச் சேர்த்தே கொடுக்கின்றன. தொட்டிக்கு அந்தத் தாதுவும் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரில் தங்கும் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரமாகும். ஆர்.ஓ.வுக்கு அடுத்து அயனிநீக்கப் பிசின் அடைத்த குழாய் ஒன்றைப் பொருத்தி, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரையே எடுக்க வேண்டும்.

கடலுப்புக் கலவை என்பது சமையலுப்பு அல்ல. கடல்நீரில் கரைந்திருப்பதில் சுமார் 85 சதவீதம் சோடியமும் குளோரைடும். மிச்சத்தில்தான் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் இருக்கின்றன. பவளத்துக்கும் நத்தை ஓட்டுக்கும் வேண்டியது அந்த மிச்சம். நூறு லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ உப்பு பிடிக்கும். தண்ணீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கால்சியம் வெள்ளைப் பொடியாகப் படிந்து வீணாகும். தனி வாளியில் பம்பு ஓடவிட்டுச் சில மணி நேரம் கலந்த பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 என்ற அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். 25 டிகிரியில் இதன் ஒப்படர்த்தி 1.026.

தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். விசிறிக் காற்று படும் தொட்டியில் நாளுக்கு இரண்டு லிட்டர் குறைந்தால், ஐந்து நாளில் பத்து லிட்டர் போய், 35 ஆக இருந்த உப்பு 39-ஐ எட்டிவிடும். குறைந்ததை ஈடுகட்ட நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. மட்டம் இறங்கினால் தானாகவே நிரப்பும் மிதவைக் கருவி, ஆடம்பரம்போலத் தெரிந்தாலும் முதலில் வாங்க வேண்டியவற்றில் ஒன்று.

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். தொட்டி 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். பவளத்தின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கையில் செய்யும் சர்க்கரைதான் பவளத்தின் உணவில் பெரும்பங்கு. பவளத்தின் நிறத்துக்கும் பெரிதும் அதுவே காரணம். வெப்பம் வரம்பு மீறி நீடித்தால் பவளம் இந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆம் ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான். சித்திரை வெயிலில் தொட்டியிலும் அதேதான் நடக்கும். நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது முழுதாகக் கைகொடுக்காது. குளிர்சாதன அறை இல்லாத வீட்டில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் பவளம் வளர்க்கத் தொடங்காமல் இருப்பதே மேல்.

தொட்டிக்குள் முதலில் இறங்குவது பாறை. 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் மட்டுமே வைத்துக் கடலுயிர்களை வளர்த்த முறையைப் பற்றி எழுதினார். இன்றைய பவளத் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த எண்ணம்தான்: தண்ணீரைச் சுத்தம் செய்வது பாறையின் துளைகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே. ஆனால் அவர் செய்ததை இன்று இங்கே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடினப் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கடல்விசிறிகளும் கடற்குதிரைகளும்கூட அப்போது சேர்ந்தன. செத்த பவளக் கல்லை எடுப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். கடினப் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் ஏற்றுமதி அனுமதி தேவை. வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் மன்னார் வளைகுடாவின் பவளத்தை வெட்டி வெட்டிச் சில தீவுகளையே கரைத்த கதை நமக்குத் தெரியும். வீட்டுத் தொட்டிக்காக அதைத் தொடர வேண்டியதில்லை.

துளை நிறைந்த செயற்கைக் கல் பத்துப் பன்னிரண்டு கிலோ போதும். அதைத் தொட்டியின் அடிக்கண்ணாடி மேலேயே நேரடியாக நிற்கவைத்து, ஆட்டிப் பார்த்து உறுதி செய்த பிறகே சுற்றிலும் மூன்று நான்கு செ.மீ. மணல் கொட்ட வேண்டும். மணல் மேல் கல்லை வைத்தால், வளை தோண்டும் இறால் ஒன்று போதும், அடுக்கு முழுவதும் சரிந்து கண்ணாடி உடைய.

இனி வருவது காத்திருக்கும் காலம். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியா நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும்; இன்னொரு வகை நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். கல்லின் உட்புறத்தில் ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். இந்தக் கூட்டம் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்காக மீனைப் பலியிடத் தேவையில்லை. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வரும்படி அம்மோனியம் குளோரைடு சேர்த்து, பரிசோதனைத் திரவம் கொண்டு பார்த்துவந்தால் போதும். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமாகும் நாளில் தொட்டி தயார். இதையடுத்துக் கல்லிலும் மணலிலும் பழுப்புப் பூச்சு படரும். பின் பச்சைப் பாசி வரும். பார்க்க அருவருப்பாக இருக்கும் இந்தப் பருவம் தானே கடந்துவிடும். மாதங்கள் கழித்துக் கல்லில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி திட்டுத் திட்டாகப் படிந்தால், தண்ணீர் நிலைப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

கருவிகளில் பம்பும் விளக்கும் முக்கியம். பவளம் நகராது, உணவும் ஆக்சிஜனும் அதைத் தேடி வர வேண்டும். நூறு லிட்டர் தொட்டியில் மணிக்கு இரண்டாயிரம் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் சுழல வேண்டும், அதுவும் ஒரே திசையில் அடிக்காமல் மாறி மாறி. விளக்கு எல்.இ.டி.யாக, 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீலம் மிகுந்ததாக இருக்கலாம். கடலில் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மங்கிவிட, நுண்பாசிக்குப் பழகியது அந்த நீலம்தான். நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். நுண்குமிழ்களில் கழிவை ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் இருந்தால் நல்லது. வாரந்தோறும் தண்ணீர் மாற்றுபவருக்கு அது இல்லாமலும் முடியும்.

உயிர்களில் முதலில் வருபவை பாசி மேயும் நத்தைகள். செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. எனவே செம்பு கலந்த மீன் மருந்து இந்தத் தொட்டிக்குள் ஒரு சொட்டும் விழக் கூடாது. நோயுள்ள மீனுக்கும் புதிய மீனுக்கும் தனித் தொட்டி வேண்டும். வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகேரியன் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், இரண்டரை மாதம்வரை மீனே இல்லாமல் தொட்டியை விட்டுவைக்க நேரிடும். நான்கு வாரத் தனிமை அதைவிடச் சுலபம்.

மீன் வந்த பையைக் கையாளுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நெடும்பயணத்தில் மீன் விடும் கரியமிலவாயுவால் பைத் தண்ணீரின் பி.எச். இறங்கியிருக்கும். அதனால் அதிலுள்ள அம்மோனியாவின் பெரும்பகுதி, தீங்கு குறைந்த அம்மோனியமாகவே கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும்; அம்மோனியம் திரும்பவும் நஞ்சாக மாறும். ஆகவே திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது, வெகுதூரம் வந்த மீனுக்குக் கெடுதல். மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, உப்பளவை முன்பே ஒத்துப்போகச் செய்திருக்கும் தனித் தொட்டியில் தாமதிக்காமல் விட வேண்டும்.

நூறு லிட்டரில் சிறிய மீன் மூன்று நான்கு போதும். கோமாளி மீன் நல்ல தொடக்கம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை உருவாக்கியிருப்பதால், கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய கட்டாயமில்லை. இந்த மீன் முதலில் ஆணாகவே இருக்கும். சேர்ந்து வாழ்பவற்றில் பெரியது பெண்ணாக மாறும். பெரியதும் சிறியதுமாக இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விட்டால், காலப்போக்கில் அவை தாமே ஜோடியாகிவிடும். கடலில் அண்டி வாழும் கடல்சாமந்தி இல்லாமலும் அவை நன்றாக வாழும். புதிய தொட்டியில் கடல்சாமந்தியை விடாமல் இருப்பதே நல்லது. அது நகர்ந்துபோய்ப் பம்பில் சிக்கிச் செத்தால் தண்ணீர் முழுதும் கெடும். மணலில் துப்பாக்கி இறாலும் அதனோடு கூட்டுச் சேரும் கோபி மீனும் இருந்தால், பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்வை மங்கிய இறால் வளை தோண்டி மணலை வெளியே தள்ளும். வாசலில் காவல் நிற்கும் மீனின் உடலில் இறாலின் உணர்கொம்பு ஒன்று எப்போதும் பட்டுக்கொண்டே இருக்கும். மீன் வாலைச் சிலிர்த்ததும் இறால் உள்ளே மறையும், மீனும் பின்தொடரும். சாதுவான மீனை முதலிலும் சண்டைக்கார மீனைக் கடைசியிலும் விட வேண்டும். முப்பது செ.மீ. வரை வளரும் நீல டாங்குக்கும், பவளத்தையே கொத்தும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் பலவற்றுக்கும் இங்கே இடமில்லை.

பவளத்தில், கல்லெலும்பு இல்லாத மென்வகைகளும் அவற்றின் உறவினமான காளான் பவளமும் சோவாந்திட்களும் சிறிய தொட்டிக்கு ஏற்றவை. எங்கே வளர்ந்தது என்று ஆவணம் காட்ட முடியாத துண்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாது. சோவாந்திட்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் வேண்டும். அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்ய முயன்றவர்கள் ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனதுண்டு.

பிறகு இருப்பது வாராந்திர வேலை. பத்துப் பதினைந்து சதவீதம் தண்ணீரை, அதே உப்பளவும் வெப்பமும் உள்ள புதுத் தண்ணீரால் மாற்ற வேண்டும். காரத்தன்மையும் கால்சியமும் குறைந்தால், ஆவியாதலை ஈடுகட்டும் தண்ணீரில் தூய கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துத் தெளியவிட்ட சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடலாம். அதன் பி.எச். பன்னிரண்டைத் தாண்டுவதால் மொத்தமாக ஊற்றினால் எல்லாம் சாகும். மின்வெட்டுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். உப்புநீர் நன்னீரைவிடக் குறைவான ஆக்சிஜனையே பிடித்துவைக்கும். சூடேறினால் அதுவும் குறையும். இரண்டு நாள் விளக்கு எரியாவிட்டாலும் பவளம் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் அசையாமல் நின்றால் மீன்கள் ஒரே இரவில் மூச்சுத் திணறிச் சாகலாம். இன்வெர்ட்டரில் சுழற்சிப் பம்பு ஒன்றை மட்டும் இணைத்து, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையும் கைவசம் வைத்திருக்க வேண்டும்.