முகத்து ரோமத்துக்கு எந்த மெழுகு நல்லது?



"உதட்டுக்கு மேலே அரும்பு மீசை மாதிரி இருக்கு, தாடையிலும் நாலு முடி. அடுத்த வாரம் பெண் பார்க்க வர்றாங்க, என்ன செய்யலாம்?" என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் பெண்கள் நம் லயங்களில் எத்தனையோ பேர். யாரையும் கேட்காமல் பசார் மாலாமில் கண்ணில் பட்ட மெழுகை வாங்கி வந்து அப்பிக்கொண்டு, தோல் உரிந்து கறுத்தபின் வருந்துவதைவிட, முதலிலேயே விவரம் தெரிந்துகொள்வது மேல் அல்லவா?

பெண்ணின் முகத்தில் மெல்லிய ரோமம் இருப்பது இயற்கை. அது நோயுமல்ல, தோஷமுமல்ல. எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எடுக்க விரும்பினால் எடுங்கள். ஆனால் தோலைக் காப்பாற்றிக்கொண்டு எடுங்கள்.

மெழுகின் வேலை என்ன?

பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கையில் தெறித்த ரப்பர்ப் பால் காய்ந்த பிறகு உரித்தால், முடியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வருமே, அதே வேலைதான் மெழுகும் செய்கிறது. வேரோடு வருவதால் மறுபடி முளைக்க மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

அதற்காக ரப்பர்ப் பாலையே முகத்தில் தடவிவிடாதீர்கள்! பாலில் கலக்கும் அம்மோனியா கண்ணையும் தோலையும் எரிக்கும். சிலருக்கு ரப்பர்ப் பாலே ஒத்துக்கொள்ளாது, தடித்து வீங்கிவிடும். சாமி படத்துக்கு ஏற்றும் மெழுகுவத்தியும் உதவாது. அது முடியைச் சரியாகப் பிடிக்காது. தோலைச் சுடுவதுதான் மிச்சம்.

எதை வாங்குவது?

1. இளமெழுகு: தேன் போல இளகியிருக்கும். மெல்லியதாகத் தடவி, துணிப்பட்டையை ஒட்டி இழுப்பது. இது முடியை மட்டுமல்லாமல் தோலின் மேல் படலத்தையும் பற்றிக்கொள்ளும். கை காலுக்குச் சரி. முகத்தின் மெல்லிய தோலுக்கு இது முரடு.

2. கெட்டி மெழுகு: மணியாகவோ கட்டியாகவோ விற்பார்கள். உருக்கி, காசுக் கனத்துக்குத் தடவி, இறுகியதும் துணியில்லாமல் அதையே பிடித்து உரிக்கலாம். ஆறும்போது முடியைச் சுற்றி இறுகுமே தவிர, தோலை அவ்வளவாகப் பற்றாது. உதட்டின் மேலும் தாடையிலும் எடுக்க இதுவே ஏற்றது.

3. சீனிப் பாகு: சீனி, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் மட்டுமே. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதுவும் கைவந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வரும் பதத்தில் இறக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். தண்ணீரில் கழுவினால் போய்விடும், செலவும் குறைவு. ஆனால் கொதிக்கும் பாகு கொதிநீரைவிடப் பொல்லாதது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகளை அடுப்பண்டை விடாதீர்கள்.

4. தாளில் ஒட்டிய மெழுகு: உள்ளங்கையில் தேய்த்து ஒட்டுவது. சூடு இல்லாததால் சுடாது. ஆனால் பிடிப்பு குறைவு. வரவில்லையே என்று அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் தோல் கன்றிவிடும்.

பிளாஸ்தர் ஒட்டினால் உங்களுக்கு அரிக்குமா? அப்படியானால் கவனம். பிளாஸ்தர் பசையில் சேர்க்கும் பைன் மரத்துப் பிசின் பல மெழுகுகளிலும் உண்டு. பிசின் இல்லாத சீனிப் பாகே உங்களுக்கு மேல். எதுவானாலும், முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள். மறுநாள் வரை சிவப்போ அரிப்போ இல்லாவிட்டால்தான் முகத்துக்கு.

மெழுகைவிட முக்கியம் உங்கள் தோல்

முகம் வெளுக்க கிரீம் பூசுகிறீர்களா? அப்படியென்றால் எந்த மெழுகும் வேண்டாம். சந்தையில் விற்கும் சில வெளுப்புக் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகியவை இருப்பதைக் கண்டுபிடித்து, மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றைத் தடை செய்து வந்திருக்கிறது. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். டிரெட்டினோயின் மேல்தோலை உரிக்கும். அப்படிப்பட்ட முகத்தில் மெழுகை இழுத்தால் முடியோடு தோலும் கிழிந்து வரும். இன்னொன்றும் கேளுங்கள்: ஸ்டீராய்டு பூசிய இடத்தில் ரோமம் அதிகமாகவும் வளரலாம். வெள்ளியைக் கொடுத்து வாங்கிய கிரீமே மீசையை வளர்த்திருந்தால் என்ன சொல்வது!

கிரீம் டப்பாவில் என்.ஓ.டி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை வாங்காதீர்கள். நீண்ட நாள் பூசியவர்கள் டப்பாவோடு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை மெழுகைத் தொடக் கூடாது. மச்சம், பரு, புண், வெயிலில் வெந்த தோல் இவற்றின்மேல் யாருமே போடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். மெழுகு ஆகாதவர்கள் நூல் கொண்டு எடுக்கலாம். சிறு கத்தியால் மழிக்கவும் செய்யலாம். மழித்தால் தடித்து முளைக்கும் என்பது வெறும் பேச்சு.

எப்படி, எப்போது?

முடி கால் அங்குலமாவது இருக்க வேண்டும். முகத்தைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். மெழுகின் சூட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் பாருங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் பார்ப்பீர்களே, அதைப் போல. கெட்டி மெழுகானால் முடி சாய்ந்திருக்கும் பக்கமாகத் தடவி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, எதிர்ப்பக்கமாகத் தோலை ஒட்டினாற்போல் சட்டென்று உரியுங்கள். மேல்நோக்கித் தூக்கி இழுக்காதீர்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை வையுங்கள். அன்றைக்கு பவுடர், சென்ட், எலுமிச்சை எதுவும் வேண்டாம். நம்முடைய மாநிறத் தோல் சுட்டாலும் கீறினாலும் கறுப்புத் தழும்பு விழும் தோல். அது மறைய மாதக்கணக்காகும்.

மருந்தடிக்கும் சகோதரிகள் இதை இரண்டு முறை படியுங்கள். உரிந்த தோல் திறந்த கதவு மாதிரி. களைக்கொல்லி அதன் வழியாக எளிதாக உடம்பில் இறங்கும். பாராகுவாட் மருந்தை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மற்ற மருந்துகள் தண்ணீர் அல்லவே! உர வேலைக்கும், பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தோடு செய்யும் வேலைக்கும் இதே எச்சரிக்கைதான். ஆகவே ஓய்வு நாளுக்கு முதல் நாள் மாலை மெழுகு போடுங்கள். மறுநாள் வெயிலில் அலையாமல் இருங்கள். சிவப்பு தணியாவிட்டால் மருந்து டாங்கியைத் தூக்காதீர்கள். அன்று வேறு வேலை கேளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

திடீரென்று தாடையிலும் மார்பிலும் வயிற்றிலும் கருகருவென்று தடித்த முடி வளருகிறதா? மாதவிலக்கு தவறுகிறதா? உடம்பு பெருக்கிறதா? குரல் கட்டையாகிறதா? இதற்கு மெழுகு மருந்தல்ல. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு பல பெண்களுக்கு உண்டு. கவனிக்காமல் விட்டால் கருத்தரிப்பது தாமதப்படலாம், நீரிழிவும் வரலாம். மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் இதை அடக்கி வைக்க முடியும். "கல்யாணமாகாத பொண்ணை அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்கும் தாய்மார்களே, ஊர் சொல்லுவதை விடுங்கள்; மகளின் உடம்பைப் பாருங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டலாம்.

மெழுகு வாங்குமுன் முகத்தைக் கண்ணாடியில் ஒரு முறை பாருங்கள். என்ன கிரீம் பூசுகிறேன், நாளை என்ன வேலைக்குப் போகிறேன், இந்த ரோமம் எப்போது வந்தது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபின் கெட்டி மெழுகோ சீனிப் பாகோ எடுத்தால் போதும்.