வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழ்

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் காதில் விழும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழ் என்பது கோவைக்குப் பல தலைமுறைப் பழக்கம். இப்போது இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் சேர்கிறார்கள்.

இந்தியில் நான்கு ககரங்கள்; தமிழில் ஒன்றே. 'கடல்', 'தங்கம்', 'பகல்' என இடம் பார்த்து ஒலி மாறும். 'ழ' அவர்களுக்குப் புதிது. தடுமாற்றம் மொழியில்தான், அறிவில் அல்ல.

ஆகவே, படிப்பைப் பாதியில் விட்ட பத்து வயதுக் குழந்தையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க வேண்டாம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பும் சிறப்புப் பயிற்சியும் உண்டு. அரசுப் பள்ளியில் டி.சி. தாமதமானாலும் இடம் மறுக்கக் கூடாது.

உங்கள் தெருவில் அப்படியொரு குடும்பம் இருந்தால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.