பெட்ரோலில் கலந்த எண்ணெய்

டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால், பெட்ரோலோடு கொஞ்சம் எண்ணெயும் அளந்து ஊற்றுவார்கள். பக்கத்தில் நிற்கும் புல்லட்டுக்கு வெறும் பெட்ரோல்தான். இரண்டும் பெட்ரோலில் ஓடும் வண்டிகள். ஒன்றுக்கு மட்டும் எதற்கு எண்ணெய்?

எந்தப் பெட்ரோல் என்ஜினுக்கும் வேலை நான்கு. காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உள்ளே இழுக்க வேண்டும், அதை அமுக்க வேண்டும், பொறி வைத்து எரிக்க வேண்டும், மிஞ்சிய புகையை வெளியே தள்ள வேண்டும். சூட்சுமம் அமுக்குவதில் இருக்கிறது. 1860இல் லெனுவார் என்பவர் செய்த என்ஜின், வாயுவை அமுக்காமலே எரித்தது. அது தின்றது அதிகம், உழைத்தது குறைவு. அமுக்கிய கலவையைக் கொளுத்தினால் அதே எரிபொருள் பிஸ்டனை இன்னும் பலமாக உதைக்கும்.

1876இல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ, ஒரு வேலைக்கு ஓர் ஓட்டம் என்று வகுத்து என்ஜினை ஓட்டிக் காட்டினார். பிஸ்டன் மேலிருந்து கீழே வருவது ஓர் ஓட்டம். திரும்ப மேலே போவது இன்னொன்று. இறங்கும்போது இழுக்கும், ஏறும்போது அமுக்கும், வெடித்ததும் இறங்கும், மீண்டும் ஏறிப் புகையைத் தள்ளும். இதுதான் ஃபோர் ஸ்ட்ரோக். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் சம்பாத்தியம் ஒரே ஓட்டம். மற்ற மூன்றும் செலவு. அந்த ஒரு நாள் கூலியைச் சேமித்து வைத்து மூன்று நாளைக்குப் படியளப்பது ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரம். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் நின்று துடிக்கும் புல்லட்டில், நொடிக்கு எட்டே வெடிப்புதான். அதனால்தான் அதன் ஓசையை எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு கிடைக்காதா? ஸ்காட்லாந்துக்காரர் டுகால்ட் கிளார்க், கலவையை உள்ளே தள்ளுவதற்கென்று தனியாக ஒரு பம்ப் சிலிண்டரை வைத்து அதைச் சாதித்தார். இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே, அந்தப் பம்பையும் நீக்கிவிட்டார். பிஸ்டனுக்கு மேலே எரியும் அறை. கீழே, கிராங்க் சுழலும் இடம் சும்மாதானே கிடக்கிறது?

ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறவர் ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் மாவைத் தள்ளிவிடுவார். நான்கு வேலையையும் இரண்டே ஓட்டத்தில் முடிக்கும் இந்த டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனும் அப்படித்தான். மேலே ஏறும்போது அதன் தலை கலவையை அமுக்குகிறது. அதே நேரம் அடிப்பக்கம் கார்புரேட்டரிலிருந்து புதுக் கலவையைக் கீழறைக்குள் இழுக்கிறது. வெடித்து இறங்கும்போது கீழறைக் கலவை அழுத்தம் பெறுகிறது. சிலிண்டர் சுவரில் சில துளைகள் உண்டு. இறங்கும் பிஸ்டன் முதலில் புகை போகும் துளையைத் திறக்கும், அடுத்த கணம் கலவை வரும் துளையை. புதியது பீறிட்டு உள்ளே வந்து பழையதை வெளியே நெட்டுகிறது. வால்வு இல்லை, அதை இயக்கும் கேம் இல்லை. பிஸ்டனே கதவு.

பங்க்கில் எழுந்த கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைதான் எண்ணெய்க்கு வீடு. டிவிஎஸ் 50 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் அந்த வீட்டைக் கலவைக்கு வாடகைக்கு விட்டாயிற்று. எண்ணெய் தேங்கி நிற்க இடமில்லை. ஆகவே அது பெட்ரோலோடு பயணியாக வந்து, போகிற வழியில் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, கடைசியில் தானும் எரிகிறது. அந்த வண்டிகளின் பின்னால் வந்த நீலப்புகை அதுதான்.

கிடைத்த லாபமும் சின்னதல்ல. பழைய புல்லட் 346 சிசியில் 18 குதிரைத்திறன் தந்தது. டூ ஸ்ட்ரோக்கான யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசியில் 11 தந்தது. ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இரண்டு துளைகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில், புகையைத் துரத்த வந்த கலவையில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியே ஓடிவிடும். முற்றத்தைப் பாலால் கழுவிவிடுவது போன்ற காரியம். மைலேஜும் போயிற்று, காற்றும் கெட்டது. மாசு விதிகள் இறுக இறுக, டூ ஸ்ட்ரோக் சாலையை விட்டு இறங்கியது. டிவிஎஸ் மொபெட்டின் வழிவந்த எக்ஸ்எல்கூட 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக் வடிவம் எடுத்தது.

ஆனால் கடலில் அதன் ஆட்சி இன்னும் தொடர்கிறது. 2006இல் வந்த எம்மா மேர்ஸ்க் சரக்குக் கப்பலின் டீசல் என்ஜின் 14 சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக். ஒவ்வொரு பிஸ்டனும் இரண்டரை மீட்டர் ஏறி இறங்கும். மொத்தத் திறன் ஒரு லட்சம் குதிரைகளுக்கு மேல். இத்தகைய என்ஜின்கள் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை உழைப்பாக்கிவிடுகின்றன. அங்கே கிராங்க் அறை பம்ப் வேலை பார்ப்பதில்லை. டர்போசார்ஜர் வெறும் காற்றை ஊதிப் புகையைத் துரத்துகிறது. கதவுகள் எல்லாம் மூடிய பிறகே எரிபொருள் உள்ளே பீய்ச்சப்படுகிறது.

கப்பல், முற்றத்தைத் தண்ணீரால் கழுவக் கற்றுக்கொண்டது. பாலை அடுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டது.