வேலைக்கேற்ற உடலா, உடலுக்கேற்ற வேலையா?

ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் எடுக்கும்போது பெரும்பாலும் முதலில் அட்டை வெளிவருகிறது. அதை நாம் கையில் எடுத்த பின்னரே பணத்தாள்கள் வருகின்றன. இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. தொடக்க கால இயந்திரங்கள் பலவற்றில் பணமே முதலில் வந்தது. வந்த காரியம் முடிந்ததும் மனம் அடுத்த வேலைக்குச் சென்றுவிடுவது இயல்பு. ஆதலால், பணத்தை எடுத்துக்கொண்டு அட்டையை மறந்து சென்றோர் பலர். ‘கவனமாக இருங்கள்’ என்று எச்சரித்துக்கொண்டே இருப்பதை விடுத்து, வடிவமைப்பாளர்கள் வரிசையையே மாற்றியமைத்தனர். மனிதரின் மறதி மாறவில்லை. அம்மறதியால் நேரும் இழப்பு குறைந்தது.

நாம் பயன்படுத்தும் நான்கு இலக்கக் கடவு எண்ணுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் வடபகுதியான என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கிக்காகப் பணம் வழங்கும் இயந்திரத்தை அமைத்துத் தந்தவர் ஜான் ஷெப்பர்டு-பாரன். இவர் 1925-இல் நம் நாட்டின் ஷில்லாங் நகரில் பிறந்தவர். தம் இராணுவ எண்ணைப் போல ஆறு இலக்கம் வைக்கவே முதலில் எண்ணியதாகவும், தம்மால் நான்கு இலக்கங்களையே நினைவில் கொள்ள இயலும் என்று மனைவி கூறியதால் நான்காகக் குறைத்ததாகவும் பின்னாளில் அவர் தெரிவித்தார். கருவிக்கு ஏற்ப மனிதர் மாற வேண்டும் என்று எதிர்பாராமல், மனிதருக்கு ஏற்பக் கருவியையும் பணியையும் அமைப்பது இதன் சாரம். இதனையே முறையாகக் கற்பிக்கும் அறிவியல் துறை பணிச்சூழலியல், அதாவது எர்கோனாமிக்ஸ். மனிதக் காரணிகள் இயல் என்றும் இது வழங்கப்பெறுகிறது. பணியிட உடல்நலத்திற்கும் பாதுகாப்பிற்கும் அடித்தளமான இத்துறை, நம் நாட்டில் இன்னும் பரவலாக அறியப்படவில்லை.

எழுத்தரின் நோயும் விமானியின் ‘தவறும்’

‘எர்கான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு உழைப்பு என்றும் ‘நோமோஸ்’ என்பதற்கு விதி என்றும் பொருள். இவ்விரண்டையும் இணைத்து, 1857-இல் இச்சொல்லை உருவாக்கியவர் போலந்து அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி. ஆயினும் இச்சிந்தனை அதற்கும் முற்பட்டது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, ‘நீர் என்ன தொழில் செய்கிறீர்?’ என்பதையும் கேட்க வேண்டும் என்றார். அந்நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பு கணக்கெழுதுவோரின் துன்பங்களையும் ஆராய்கிறது. நீண்ட நேரம் அமர்ந்திருத்தல், கையை ஒரே வகையில் ஓயாது அசைத்தல், பிழை நேராதபடி மனத்தை எந்நேரமும் குவித்து வைத்தல் என மூன்று காரணங்களை அவர் கூறுகிறார். கணினியின் முன் அமர்ந்து பணியாற்றும் இன்றைய வங்கி ஊழியருக்கும் இம்மூன்றும் அப்படியே பொருந்துகின்றன.

இரண்டாம் உலகப் போர் இத்துறைக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. பி-17 ரக விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பின் ஓடுபாதையிலேயே சக்கரங்கள் மடங்கிச் சேதமுற்றன. ‘விமானியின் தவறு’ என்றே அறிக்கைகள் எழுதப்பட்டன. காரணத்தை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சாபனிஸ், விமானிகளின் அறையை உற்றுநோக்கினார். இறக்கை மடிப்புகளை இயக்கும் விசையும் சக்கரங்களை இயக்கும் விசையும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. களைத்த நிலையில் இருட்டில் தடவும் கைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. ஒன்றின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றொன்றில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தியதும் அக்குழப்பம் நீங்கியது. சக்கர விசையின் பிடி சக்கர வடிவில் இருக்கும் வழக்கம் இன்றும் விமானங்களில் தொடர்கிறது.

ஒரே தவறைப் பலர் திரும்பத் திரும்பச் செய்கின்றனர் எனில், குறை அவர்களிடம் இருப்பதைவிடப் பணியின் அமைப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம். விபத்துக்குப் பின் ஆளை மாற்றிவிட்டு அமைப்பை அப்படியே விட்டுவைத்தால், அதே விபத்து அடுத்தவருக்குக் காத்திருக்கும்.

என்ன கற்பிக்கப்படுகிறது?

பணிச்சூழலியல் மூன்று கிளைகளைக் கொண்டது. உடல்சார் கிளை எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் வரம்புகளையும் உடல் அளவைகளையும் ஆராய்கிறது. அறிதல்சார் கிளை கவனம், நினைவு, முடிவெடுத்தல், மனச்சுமை ஆகியவற்றைப் பற்றியது. நிறுவனஞ்சார் கிளை பணிநேரம், ஓய்வு, சுழற்சி முறை, மேற்பார்வை போன்றவற்றை நோக்குகிறது. ஆதலால் இதனைக் கற்போர் உடலியங்கியல், உளவியல், புள்ளியியல், வடிவமைப்பு எனப் பல துறைகளின் வாசலைத் தொட வேண்டியிருக்கிறது.

கற்றதை அளந்து காட்டுவதற்கும் முறைகள் உள்ளன. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உருவாகி 1993-இல் வெளியான ‘ரூலா’ முறை, பணியாளரின் கை, கழுத்து, முதுகு ஆகியவற்றின் நிலையைக் கண்டு 1 முதல் 7 வரை மதிப்பெண் தருகிறது. 7 வந்தால் அப்பணியை உடனே ஆராய்ந்து மாற்ற வேண்டும் என்பது பொருள்.

சுமை தூக்குவதற்கென அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் 1991-இல் திருத்தி வகுத்த சமன்பாடு இன்னும் தெளிவானது. அதன்படி, மிகச் சாதகமான நிலையிலேயே பரிந்துரைக்கப்படும் எல்லை 23 கிலோதான். கைகள் கணுக்கால்களின் நடுவிலிருந்து 25 செ.மீ. தொலைவிலும் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும் இருக்க வேண்டும். உடல் முறுகாமல், நல்ல பிடியுடன், எப்போதாவது மட்டும் தூக்க வேண்டும். மற்றவை மாறாதிருக்க, அந்தத் தொலைவு 50 செ.மீ. ஆனால் எல்லை பாதியாகி 11.5 கிலோ ஆகிறது. அத்துடன் சுமையைத் தரைமட்டத்திலிருந்து எடுத்தால் ஏறத்தாழ 9 கிலோவாகச் சுருங்குகிறது. நம் நாட்டில் ஒரு சிமென்ட் மூட்டையின் எடை 50 கிலோ. நாள்தோறும் அதனைச் சுமப்பவரின் முதுகுவலி எங்கிருந்து வருகிறது என்பதை இக்கணக்கே உணர்த்துகிறது.

அளவைகள் எல்லா நாட்டினருக்கும் ஒன்றல்ல. வேறு நாட்டவரின் உடலளவுக்குச் செய்த மேசை, நம் பணியாளரின் தோளை உயர்த்திவிடலாம். இக்குறையை நீக்க, இந்தியர்களின் உடல் அளவைகளைத் தொகுத்துத் தேப்குமார் சக்ரபர்த்தி எழுதிய நூலை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. தரையில் அமர்ந்து நகை செய்வோர், குழித்தறியில் நெய்வோர் என நம் தொழில்முறைகளுக்கே உரிய ஆய்வுகளுக்கு இங்கே இடம் மிகுதி.

நாற்காலி மட்டும் போதுமா?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், காயம் விளைவிக்கக்கூடிய அளவு சுமையைத் தூக்கச் செய்யலாகாது என 34-ஆம் பிரிவிலும், நின்று பணிபுரிவோர் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர இருக்கை வேண்டும் என 44-ஆம் பிரிவிலும் கூறியது. ஆனால் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுதும் நிற்போருக்கு அச்சட்டம் துணையாகவில்லை. அமர்ந்தால் சோம்பல் எனக் கருதப்பட்டது. கால்வலி, நரம்புப் புடைப்பு, முதுகுவலி ஆகியவை அப்பணியின் இயல்பான பகுதி போலவே ஏற்கப்பட்டன.

கோழிக்கோட்டில் விஜி என்னும் தையல் தொழிலாளி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு இதற்கு எதிராகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. 2018-இல் கேரளம் தன் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அமர்வதற்கான உரிமையை உறுதிசெய்தது. 2021-இல் தமிழ்நாடும் அதே வழியில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பணிச்சூழலியல் மாணவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடையில் நாற்காலி வாங்கிப் போடுவது உடல்சார் தீர்வு. அதில் அமரும் பணியாளரைக் கடிந்துகொள்ளாதிருப்பது நிறுவனஞ்சார் தீர்வு. பின்னது இல்லையெனில் முன்னது வெறும் தட்டுமுட்டுச் சாமானாகவே நிற்கும்.

எங்குப் படிக்கலாம்?

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை, குவாஹாட்டி ஐ.ஐ.டி.க்களின் வடிவமைப்புத் துறைகள் ஆகியவற்றில் பணிச்சூழலியல் கற்பிக்கப்படுகிறது. கொல்கத்தா பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் துறை இதில் நெடிய மரபு கொண்டது. 1963-இல் தொடங்கப்பெற்ற தேசியத் தொழிற்பொறியியல் பயிற்சி நிறுவனம் தற்போது ஐ.ஐ.எம். மும்பையாகத் திகழ்கிறது. அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் இயங்குகிறது. அங்கு ஆய்வுகள் நடைபெறுகின்றன.

ஏற்கெனவே தொழிற்சாலையில் பணியாற்றுவோர் பாதுகாப்புப் பட்டயப் படிப்பின் வழியே இத்துறைக்குள் வரலாம். மும்பை மத்தியத் தொழிலாளர் நிறுவனமும் சென்னை, கொல்கத்தா, கான்பூர், ஃபரீதாபாத் நகரங்களின் மண்டல நிறுவனங்களும் பயிற்சி அளிக்கின்றன. பெரிய தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலரை நியமிப்பது சட்டக் கடமையாதலால், இப்படிப்புக்கு வேலைவாய்ப்பும் உண்டு. பொறியியல், மருத்துவம், இயன்முறை மருத்துவம், உளவியல், வடிவமைப்பு என எப்பின்புலத்தினரும் இதனைத் தம் துறையோடு இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படிப்பின் சேர்க்கைத் தகுதியையும் அங்கீகாரத்தையும் சரிபார்த்த பின்னரே கட்டணம் செலுத்துவது நல்லது. கல்விக்கடன் தேவைப்படுவோர் வங்கிக் கிளையை அணுகலாம். வித்யாலட்சுமி இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

நம் கடையிலும் பட்டறையிலும்

பட்டம் பெறாமலே நாம் தொடங்கக்கூடியவையும் உள்ளன. அடிக்கடி எடுக்கும் சரக்கை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அடுக்கலாம். எப்போதாவது எடுப்பதை மேலும் கீழும் வைக்கலாம். நின்று செய்யும் இலேசான வேலைக்கு மேசை முழங்கைக்குச் சற்றுக் கீழேயும், நுணுக்கமான வேலைக்குச் சற்று மேலேயும் இருப்பது நலம். கணினித் திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தைத் தாண்டலாகாது. பெரிய மூட்டையைச் சிறு பைகளாகப் பிரித்தோ, தள்ளுவண்டியில் ஏற்றியோ கொண்டு செல்லலாம்.

தொழிற்கடன் பெற்றுப் புதிய தையல் இயந்திரமோ அரவை இயந்திரமோ வாங்க எண்ணும்போது, விலையையும் உற்பத்தித் திறனையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதில் அமர்ந்து வேலை செய்யப்போகிறவரையும் உடன் அழைத்துச் சென்று, சில நிமிடங்கள் இயக்கிப் பார்க்கச் சொல்லலாம். கால் எட்டுகிறதா, கழுத்து வளைகிறதா, எங்கேனும் வலிக்கிறதா என்று கேட்கலாம். பணியாளர் வலியால் விடுப்பெடுக்கும் நாள்களிலும் கடன் தவணை நிற்பதில்லை. ஆதலால் இக்கேள்விகளை வாங்குவதற்கு முன்பே கேட்பது பணியாளருக்கும் நன்று, தொழிலுக்கும் நன்று.