சிறுவயதுப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய இதயப் பாதிப்பு

சிறுவயதுப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய இதயப் பாதிப்பு என்பது, குழந்தைப் பருவத்திலோ பதின்பருவத்திலோ புற்றுநோய்க்குப் பெற்ற சிகிச்சையின் விளைவாகப் பிற்காலத்தில் இதயத்தில் தோன்றும் குறைபாடுகளைக் குறிக்கும். ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துகளும் மார்புப் பகுதிக்கு அளிக்கப்படும் கதிர்வீச்சும் இதன் முதன்மைக் காரணங்களாகும். புற்றுநோய் குணமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இது வெளிப்படலாம்.

ஆந்த்ராசைக்ளின்கள்

1960களில் கண்டறியப்பட்ட டௌனோரூபிசின், டாக்சோரூபிசின் ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை. இவை மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டவை. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. எனவே இதயத்தைப் பாதிக்கும் என அறிந்தும் இவை கைவிடப்படவில்லை.

பாதிப்பு ஏற்படும் முறை

இம்மருந்துகள் டோப்போஐசோமரேஸ் 2 என்னும் நொதியின் செயலைக் குலைத்து, புற்றுநோய் உயிரணுக்களின் டி.என்.ஏ. இழைகளை முறிக்கின்றன. இந்நொதியின் பீட்டா வடிவம் இதயத்தசை உயிரணுக்களிலும் உள்ளதால் அவையும் சேதமடைகின்றன. அழிந்த இதயத்தசை உயிரணுக்களுக்கு ஈடாகப் புதியவை தோன்றுவது மிக அரிது. குழந்தை வளர வளர, எஞ்சிய உயிரணுக்களே பெரிதாகிவரும் உடல் முழுவதற்கும் குருதியைச் செலுத்த வேண்டியுள்ளது. இதனால் இடது கீழறையின் சுவர் உடலளவுக்கு ஏற்பத் தடிக்காமல் மெலிந்து, நாளடைவில் இதயச் செயலிழப்பு ஏற்படலாம். கதிர்வீச்சு, இதயத் தமனிகளையும் வால்வுகளையும் இதய உறையையும் பாதிக்கக்கூடியது.

ஆய்வுகள்

இரத்தப் புற்றுநோய்க்கு டாக்சோரூபிசின் பெற்ற 115 பேரைப் பற்றி 1991 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 57 விழுக்காட்டினரின் இடது கீழறையில் குறைபாடு காணப்பட்டது. வட அமெரிக்காவில் சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்ட 14,358 பேரைப் பற்றிய ஆய்வு 2009 இல் வெளியானது. உடன்பிறந்தோருடன் ஒப்பிடுகையில், மீண்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு என அது காட்டியது.

இடர்க் காரணிகள்

* மருந்தின் மொத்த அளவு: உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பெற்றோருக்கு இடர் அதிகம். முற்றிலும் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை.
* மார்புப் பகுதியில் கதிர்வீச்சுப் பெற்றிருத்தல்
* மிக இளம் வயதில் சிகிச்சை பெற்றிருத்தல்
* பிற்காலத்தில் ஏற்படும் உயர் இரத்த அழுத்தம்

கண்காணிப்பு

தொடக்கத்தில் அறிகுறிகள் எவையும் தென்படாமல் இருக்கலாம். ஆகவே எக்கோ எனப்படும் மீயொலிச் சோதனை தேவைப்படுகிறது. 2023 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, உயர் இடர் உள்ளோர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், நடுத்தர இடர் உள்ளோர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். கருவுற்ற காலத்தில் இதயத்தின் சுமை கூடுவதால் அப்போதும் சோதனை அவசியமாகும்.

தடுப்பு

டெக்ஸ்ராசாக்சேன் என்னும் மருந்து, ஆந்த்ராசைக்ளினுக்கு முன் செலுத்தப்பட்டு இதயத்தைக் காக்கிறது. இதைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்த 2011 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை விதிக்கப்பட்டது; அதிக அளவில் ஆந்த்ராசைக்ளின் பெறவுள்ள குழந்தைகளுக்கு 2017 இல் அத்தடை நீக்கப்பட்டது. புகைபிடிக்காமையும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் இடரைக் குறைக்க உதவும்.

சிகிச்சைச் சுருக்கம்

மூன்று வயதில் சிகிச்சை பெற்றவர், தாம் பெற்ற மருந்தின் பெயரையோ அளவையோ வளர்ந்தபின் அறியாதிருக்கக்கூடும். அவருக்கு மூச்சுத்திணறல் ஏற்படும்போது, இளவயதினர் என்பதால் இதயநோய் ஐயுறப்படாமலும் போகலாம். எனவே மருந்துகளின் மொத்த அளவு, கதிர்வீச்சுப் பெற்ற இடம், அதன் அளவு ஆகியவற்றைக் கொண்ட சுருக்கத்தைப் பெற்றோர் மருத்துவமனையிலிருந்து பெற்றுப் பாதுகாத்து, பிள்ளை வளர்ந்தபின் அவரிடம் ஒப்படைப்பது இன்றியமையாதது.