ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல் யார் பேச்சைக் கேட்கும்?

"த கலர் ஆஃப் த சாரீஸ் ஆர் வெரி பிரைட்." இதில் ஒரு தப்பு இருக்கிறது. "ஆர்" வரக்கூடாது, "இஸ்" வர வேண்டும். ஏன் என்று கேட்டால் பள்ளிக்கூட விடை தயாராக இருக்கும்: எழுவாய் ஒருமை, அதனால் வினையும் ஒருமை. சரிதான். ஆனால் எது எழுவாய் என்று பிடிபடாததால்தானே தப்பே வந்தது? விதியைத் திரும்பச் சொல்வதால் என்ன பிரயோஜனம்?

(ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இந்த மாதிரித் தப்புகள் கண்ணைவிடக் காதுக்குத்தான் நன்றாகத் தெரியும்.)

எங்கள் தேசூர்ப் பக்கம் ஆரணிப் பட்டு நெய்கிற வீடுகள் நிறைய. அப்பா அம்மா தறியில் உட்கார்ந்திருக்க, பிள்ளை பிஇ-யோ டிப்ளமாவோ முடித்துவிட்டு "அண்ணா, ரெஸ்யூமை ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும். வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தப்புகள் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை, திரும்பத் திரும்ப அதே இரண்டு மூன்று வகைதான். நேர்காணலில் மேஜைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். "கம்யூனிகேஷன் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குப் பின்னால் இருப்பது நாலு "ஸ்" விட்டுப்போனதும், ஒரு "இஸ்" "ஆர்" ஆனதும்தான் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. "நமக்கு இங்கிலீஷ் வராது" என்ற முடிவோடு அது வீட்டுக்குத் திரும்புகிறது.

தப்புகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிறது என்றால் அதற்கு ஒரு பொதுக் காரணம் இருக்க வேண்டும். கணினி நிரலில் ஒரே பிழை நூறு இடத்தில் வந்தால் நூறு இடத்தையும் தனித்தனியாகத் திருத்த மாட்டோம், அடியில் எங்கே இருக்கிறது என்று தேடுவோம். அப்படித் தேடியதன் குறிப்புதான் இது.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். "தமிழில் இந்த மாதிரி விதி கிடையாது, அதனால்தான் நமக்குக் கஷ்டம்" என்று சில ஆசிரியர்களே சொல்கிறார்கள். நிலைமை நேர் எதிர். நெய்தேன், நெய்தாய், நெய்தான், நெய்தாள், நெய்தார்கள், நெய்தது. எழுவாயைச் சொல்லாமலே விட்டாலும் யார் நெய்தார் என்று வினை காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கு "வோவ்" என்ற ஒரே வடிவம்தான். நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் அதுவே. ஒரு காலத்தில் ஆங்கில வினைக்கும் இடத்துக்கு ஏற்ற விகுதிகள் இருந்தன, காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் "ஹி கோயத்" என்கிற மாதிரி வடிவம்தான் இருக்கும். இன்றைக்கு மிச்சம் இருப்பது நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் ஒரு "ஸ்", அப்புறம் "இஸ்–ஆர்", "வாஸ்–வேர்", "ஹேஸ்–ஹேவ்" போன்ற சில ஜோடிகள். அவ்வளவுதான்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கமே இந்தப் பொருத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறது. உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, ஒவ்வொரு பாலுக்கும் வினையின் கடைசியில் என்ன எழுத்து வரும் என்று சொல்லிவிட்டு, வினை காட்டும் பாலும் பெயர் காட்டும் பாலும் ஒன்றுக்கொன்று மாறிவிடக்கூடாது என்று நூற்பா போடுகிறது. ஆங்கில இலக்கணப் புத்தகம் எழுவாய்–வினைப் பொருத்தம் என்று ஒரு பாடம் முழுக்கச் சொல்வது இதைத்தான். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இப்படி மாறிப்போவதை "வழு" என்று ஏழு வகையாகப் பிரித்தார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. (பவணந்தி சமணர். எங்கள் வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அதனால் எனக்கு நன்னூல் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம்.)

அப்படியானால் பொருத்தம் என்ற கருத்து நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. பிறகு ஏன் தப்பு வருகிறது?

"தறிகள் ஓடுகின்றன" என்று எழுதுகிறோம். வீட்டில் அப்படிப் பேசிப் பாருங்கள், சிரிப்பார்கள். "தறி ஓடுது", "தறிங்க ஓடுது". ஒன்று ஓடினாலும் பத்து ஓடினாலும் "ஓடுது"தான். "பசங்க வராங்க" என்று மனிதர்களுக்குப் பன்மை பத்திரமாக இருக்கிறது. அஃறிணைக்குப் பேச்சுத் தமிழில் வினையில் பன்மை போய்விட்டது.

பழைய தமிழில் இது தலைகீழாக இருந்தது. அஃறிணைப் பெயருக்குக் "கள்" கட்டாயம் இல்லை. "மாடு வந்தது" என்றால் ஒரு மாடு, "மாடு வந்தன" என்றால் பல மாடு. பெயரைப் பார்த்து எண்ணிக்கை தெரியாது, வினைதான் சொல்லும். இந்த மாதிரிப் பெயருக்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பேர். ஆங்கிலத்தில் "ஷீப்" இப்படித்தான்: "த ஷீப் இஸ்" என்றால் ஒன்று, "த ஷீப் ஆர்" என்றால் பல. அதாவது, முன்பு வினையில் இருந்த எண்ணிக்கை பேச்சில் பெயருக்கு இடம் மாறிவிட்டது. பெயரிலேயே "ங்க" சொல்லியாச்சு, வினையில் இன்னொரு தடவை எதற்கு?

இப்போது ரெஸ்யூமுக்கு வாருங்கள். "மை ரெஸ்பான்சிபிலிட்டீஸ் இன் த பிராஜெக்ட் வாஸ்..." "த மெஷின்ஸ் இஸ் கனெக்டட்..." "தேர் இஸ் மெனி பக்ஸ்..." எல்லாம் அஃறிணைப் பன்மை. "என் பொறுப்புகள் இருந்தது", "மெஷினுங்க கனெக்ட் ஆயிருக்கு", "நிறைய பக்ஸ் இருக்கு" என்கிற பேச்சுத் தமிழ் அப்படியே ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நான் பார்த்தவரை "த பாய்ஸ் இஸ்" என்று எழுதுகிற பிள்ளை அபூர்வம். பேச்சுத் தமிழில் எங்கே பொருத்தம் உயிரோடு இருக்கிறதோ அங்கே ஆங்கிலத்திலும் சரியாக வருகிறது. இது சோம்பேறித்தனம் இல்லை, ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவது. விதிதான் வேறு மொழியினுடையது.

இதற்கு மருந்து எளிது. எழுத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "பொறுப்புகள் இருந்தன" என்று "அன" வருகிறதா? அப்படியென்றால் "வேர்". "ஓடுகின்றன"வா? அப்படியென்றால் "ஆர்". பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்த பிள்ளைக்கு இது தெரியும். தெரிந்ததை எடுத்து வைக்கச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"ஹி வொர்க் இன் சென்னை" என்கிற வகைக்குக் காரணம் வேறு. இலக்கணம் தெரிந்த பிள்ளைகளும் பேசும்போது அந்த "ஸ்"ஸை விழுங்கிவிடுகிறார்கள். தமிழ்ச் சொல்லின் கடைசியில் எந்த எழுத்தெல்லாம் நிற்கலாம் என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது: 12 உயிர், 11 மெய், குற்றியலுகரம், ஆக 24. அந்த 11 மெய்யில் ஒரு வல்லினம்கூடக் கிடையாது. அதனால்தான் "வொர்க்" நம் வாயில் "வொர்க்கு" ஆகிறது. அதற்கு மேல் ஒரு "ஸ்" ஏற்ற வேண்டும் என்றால் நாக்கு முரண்டு பிடிக்கிறது. போதாக்குறைக்கு "ஸ்" என்றால் பன்மை என்று பெயர்ச்சொல் பாடத்தில் முதலிலேயே மனதில் பதிந்துவிட்டது. ஒருத்தன் வேலை செய்வதற்கு எதற்கு "ஸ்"? நியாயமான சந்தேகம். இந்த விஷயத்தில் ஆங்கிலம் உண்மையிலேயே கோணல்தான். இதற்குக் குறுக்கு வழி கிடையாது, வாய்ப் பழக்கம்தான்.

இனி முதலில் சொன்ன சேலைக்கு வருவோம். இந்தத் தப்பை ஆங்கிலேயர்களும் செய்கிறார்கள். 1991-இல் கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். "த கீ டு த கேபினெட்ஸ்" மாதிரி வாக்கியத்தின் முன்பாதியைக் கொடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களை முடிக்கச் சொன்னார்கள். தலைச்சொல் சாவி, ஒருமை. ஆனால் நடுவில் வந்த "கேபினெட்ஸ்" வினையைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது, "ஆர்" என்று வாயில் வந்துவிடுகிறது. தலைச்சொல் பன்மையாகவும் நடுச்சொல் ஒருமையாகவும் இருந்தால் இந்த இழுப்பு மிகக் குறைவு. 2016-இல் லின்சன், டுப்பூ, கோல்ட்பெர்க் மூவரும் நியூரல் நெட்வொர்க் மாடல்களை இதே விஷயத்தில் சோதித்தபோது, நடுவில் குழப்பும் பெயர்கள் கூடக் கூட மாடலும் தடுமாறியது. மனிதனுக்கும் மெஷினுக்கும் இடறும் கல் ஒன்றுதான்.

நமக்கோ இந்த இழுப்பு இன்னும் பலமாக இருக்க ஒரு காரணம் உண்டு. "சேலைகளின் நிறம் பளிச்சென்று இருக்கிறது." தமிழில் தலைச்சொல் கடைசியில் வரும், அடைமொழியெல்லாம் அதற்கு முன்னால். அதனால் "வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்" என்ற பழக்கம் தமிழில் பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். இடையில் செயப்படுபொருள் வந்தாலும் "சேலையை", "சேலைகளை" என்று ஐ உருபு போட்டுக்கொண்டு "நான் எழுவாய் இல்லை" என்று சொல்லிவிடும். ஆங்கிலத்தில் "ஆஃப்" வந்தால் வரிசை புரண்டுவிடுகிறது. தலைச்சொல் முதலில் போய்விடுகிறது, வினைக்குப் பக்கத்தில் நிற்பது அடைமொழியில் இருக்கும் ஏதோ ஒரு பெயர். நாம் பழக்க தோஷத்தில் அதைப் பிடித்துக்கொள்கிறோம்.

இதையே திருப்பிப் போட்டால் ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. வினைக்கு முன்னால் இருக்கும் ஆங்கிலத் தொடரை மனதுக்குள் தமிழாக்குங்கள். தமிழ்த் தொடரின் கடைசிப் பெயர் எதுவோ அதுதான் எழுவாய். "த லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ்" என்றால் விண்ணப்பதாரர்களின் பட்டியல். கடைசியில் பட்டியல், ஆகவே "இஸ்". "த மேன் ஹூ ஓன்ஸ் த லூம்ஸ்" என்றால் தறிகளை வைத்திருக்கிற ஆள். ஆள், "இஸ்". "ஒன் ஆஃப் த வீவர்ஸ்" என்றால் நெசவாளர்களில் ஒருவர், "இஸ்". இதைக் கொஞ்சம் கஷ்டமான இடத்திலும் போட்டுப் பார்த்தேன். "எ நம்பர் ஆஃப் லூம்ஸ்" என்பதற்கும் "த நம்பர் ஆஃப் லூம்ஸ்" என்பதற்கும் போட்டித் தேர்வில் தவறாமல் கேள்வி வைப்பார்கள். முதலாவது பல தறிகள், "ஆர்". இரண்டாவது தறிகளின் எண்ணிக்கை, "இஸ்". ஒற்றை எழுத்து வித்தியாசத்தில் ஆங்கிலம் ஒளித்துவைத்ததைத் தமிழ் பளிச்சென்று காட்டிவிடுகிறது. "டென் தவுசண்ட் ருப்பீஸ் இஸ் இனஃப்" என்பதும் அப்படியே. நாம் பத்தாயிரம் ரூபாய் என்போம், ரூபாய்கள் என்பதில்லை.

எல்லா இடத்திலும் இது செல்லாது. "ஹாஃப் ஆஃப் த லூம்ஸ்" என்றால் தறிகளில் பாதி. பாதி ஒருமைதானே என்று "இஸ்" போட்டால் தப்பு. பாதி, முக்கால், சதவீதம் வரும் இடத்தில் எதில் பாதி என்று பார்க்க வேண்டும். கத்தரிக்கோல் நமக்கு ஒன்று, "சிசர்ஸ்" அவர்களுக்குப் பன்மை. செய்திகள் நமக்குப் பன்மை, "நியூஸ்" அவர்களுக்கு ஒருமை. எல்லோரும் வந்தார்கள் என்பது நமக்குப் பன்மை, "எவ்ரிபடி" அவர்களுக்கு ஒருமை. "போலீஸ்" ஆங்கிலத்தில் எப்போதும் "ஆர்"தான். நம் பத்திரிகைக்காரர்கள் அதற்கு ஓர் "ஆர்" விகுதி சேர்த்துப் "போலீசார் கைது செய்தனர்" என்று எழுதுவதால் அது மட்டும் தற்செயலாகச் சரியாகப் பொருந்துகிறது.

பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற இன்னொரு கேள்வி: "யூ" ஒரே ஆள்தானே, ஏன் "யூ இஸ்" இல்லை? தமிழ்ப் பிள்ளை இதைக் கேட்கவே வேண்டியதில்லை. வாத்தியார் ஒருத்தர்தான், ஆனாலும் "சார் வந்தார்" என்கிறோம். "ஆர்" முதலில் பலர்பாலுக்கு உரிய விகுதி. ஒருவரைப் பன்மையில் சொல்வது மரியாதைக்கான வழக்கு என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் ஒருமைக்கு "தௌ ஆர்ட்" என்று தனியாக இருந்தது. பன்மையான "யூ ஆர்" மரியாதைக்காக ஒருவரிடமும் பேசப்பட்டு, கடைசியில் "தௌ" புழக்கத்திலிருந்தே போய்விட்டது. நாம் "நீங்கள்" என்றும் "நீ" என்றும் இரண்டையும் வைத்துக்கொண்டோம். அவர்கள் "நீ"யைத் தொலைத்துவிட்டு எல்லோரையும் "நீங்கள் இருக்கிறீர்கள்" என்றே கூப்பிடுகிறார்கள், வீட்டு நாயைக்கூட.